பீரோவுக்கு அடியில் வந்த சைக்கிள்

அத்தை பெங்களூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அவளோடு ஒரு பீரோவும் வந்தது. சின்ன யானை என்று எல்லோரும் சொல்வோமே, அந்தக் குட்டிச் சரக்கு வண்டியின் பின்னால் பீரோ, ஃப்ரிட்ஜ், கழற்றிய கட்டில், துணி மூட்டைகள் என்று ஏற்றிக் கட்டியிருந்தார்கள். அப்பாவின் ஒரே தங்கை அவள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவ வந்திருக்காங்க" என்று அம்மா என்னிடம் சொன்னாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வருகிறவர்கள் பீரோவைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒருவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. நான்கு பேர் பிடித்து பீரோவை இறக்கியதும், அதற்கு அடியில் ஒரு சைக்கிள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

அது கியர் சைக்கிள். நீல நிறம். மேடும் பள்ளமுமாக முள் வைத்த தடித்த டயர்கள். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தள்ளுகிற சிறு விசைகள். அவற்றை ஒட்டி, குட்டி ஜன்னல் போன்ற கண்ணாடிக்குள் எண்கள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. மூவேழு இருபத்தொன்று என்று அங்கேயே நின்று பெருக்கிப் பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அப்போது கியர் சைக்கிள் என்றால் அது வெள்ளைக்காரர்கள் ஓட்டுவது. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் காலையில் மலையைச் சுற்ற அதில் வருவார்கள். நாங்கள் வழியில் நின்று கை காட்டுவோம். அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். அந்தச் சாதி சைக்கிள் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்றும், அது என்னுடையதாக இருக்காது என்றும் நான் நினைத்தே பார்த்ததில்லை.

அது அத்தை மகனுடையது. அவன் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். வண்டியின் முன்சீட்டிலிருந்து இறங்கி, யாரிடமும் பேசாமல், சைக்கிளை நிமிர்த்திச் சட்டைத் துணியால் துடைத்தான். அவன் அப்பா, நான் பெங்களூர் மாமா என்று கூப்பிடுகிறவர், போன பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது என்று பிறகு சொன்னான். பெங்களூர் மாமா அவர்களோடு வரவில்லை. "அவருக்கு வேலை ஜாஸ்தி" என்றாள் அத்தை. நான் கேட்காமலேயே சொன்னாள்.

அவனை என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள். என் வகுப்பில், என் பெஞ்சில். வீட்டில் என் இடம் ஒவ்வொன்றாகப் பறிபோயிற்று. சாப்பிடும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் அவன். படுக்கும்போது ஃபேனுக்கு நேர் கீழே அவன். முட்டை வாங்கினால் முழு முட்டை அவனுக்கு, எனக்கும் தங்கைக்கும் பாதிப் பாதி. அப்பா அவனைக் "கண்ணு" என்று கூப்பிட்டார். என்னை அவர் கூப்பிடுவது "டேய்". பிறந்ததிலிருந்து அதுதான் என் பெயர் என்று எண்ணி நான் திருப்தியாகவே இருந்திருந்தேன். கண்ணு என்று ஒரு வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சைக்கிளைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னிடம் இருந்தது பெரியப்பா மகன் ஓட்டி முடித்துவிட்டுத் தந்த பழைய சைக்கிள். செயின் கவர் பாதிதான் இருக்கும். மீதிப் பாதி இருந்த இடத்தில் என் கால்சட்டை மாட்டிக் கிழியும். ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அத்தை மகனிடம் கேட்டேன். "வேணாம், கியர் சரியில்ல" என்றான். தராமலிருப்பதற்கு அவன் கண்டுபிடித்த காரணம் என்றே நினைத்தேன்.

காரணம் உண்மைதான். கியரை மூன்றில் வைத்தால் செயின் நான்குக்குப் போகும், பிறகு தானே மூன்றுக்கு வரும். சமதரையில் மெல்ல மிதித்தால் "டக்... டக்..." என்ற சத்தத்தோடு போய்விடும். கொஞ்சம் மேடு வந்து அழுத்தி மிதித்தால், செயின் பல் விட்டுப் பல் துள்ளும். பெடல் வெறுமையில் இறங்கி முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். பள்ளிக்கூடம் போகும் வழியில் சின்ன மேட்டில்கூட அவன் இறங்கித் தள்ளுவான். ஒரே கியர் உள்ள என் ஓட்டைச் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்து நான் அவனைத் தாண்டிப் போவேன். அந்த மேடு வந்தால் எனக்கு எங்கிருந்தோ பலம் வரும்.

இந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. அப்பா அந்த கியரைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார்.

என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலமும் ஒரு போர்க்கிணறும் எங்களுக்கு இருந்தன. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு மோர், சர்பத் விற்பார். போர் மோட்டார் நின்றால் அவரே பிரித்து அவரே பூட்டுவார். ஆனால் என் சைக்கிளின் பக்கம் அவர் திரும்பியதே இல்லை. பஞ்சர் என்று போய் நின்றால், "கையி இருக்குது இல்ல? நீயே ஒட்டிக்க" என்பார். அப்படித்தான் நான் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவர், கியரைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே, சாயங்காலமானால் அந்த நீலச் சைக்கிளின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அத்தை மகன். பெடலைக் கையால் சுற்றுவது அவன் வேலை. இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "சுத்து கண்ணு." "சரி மாமா." "நிறுத்து." அவ்வளவுதான். ஒரு மணிநேரத்துக்கு மேல் அப்படியே போகும்.

முதலில் எண்ணெய் விட்டார். செயின் ஊறி, அத்தை மகனின் பள்ளிச் சீருடையெல்லாம் கறுப்பாயிற்று. சத்தம் குறைந்தது, துள்ளல் குறையவில்லை. அடுத்து, டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு எடுத்துப்போனார்கள். கடைக்காரர் கியர் ஒயர் துருப்பிடித்திருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தார். வீடு வந்து சேருவதற்குள் பழையபடி ஆயிற்று. பிறகு அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பின்சக்கரத்தின் பல்லடுக்குக்குக் கீழே, செயினைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்துகிற ஒரு சிறிய இரும்புக் கை தொங்கும். கியர் மாற்றுவது அந்தக் கைதான். அதில் இரண்டு பொடி ஸ்க்ரூக்கள் உண்டு. கை எதுவரை போகலாம் என்று எல்லை கட்டுவதற்கான ஸ்க்ரூக்கள் அவை என்பது அப்பாவுக்குத் தெரியாது. ஒன்றை அரைச் சுற்றும் இன்னொன்றை ஒரு சுற்றும் திருப்பிவிட்டு, "இப்ப ஓட்டிப் பாரு" என்றார்.

அவன் தெருமுனை வரை போய்த் திரும்பினான். வரும்போது செயின் எல்லை தாண்டிச் சக்கரத்தின் ஆரக் கம்பிகளுக்குள் விழுந்தது. சக்கரம் பூட்டுப் போட்டதுபோல நின்றது, அவன் முன்னால் பறந்து விழுந்தான். அப்பா ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவனை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்காரவைத்து, முழங்காலில் ஊதி ஊதி மஞ்சள் வைத்தார். போன வருஷம் நான் புளியமரத்திலிருந்து விழுந்தபோது, முதலில் ஓர் அறை கொடுத்துவிட்டுத்தான் எங்கே அடி என்று கேட்டார். நான் வாசலில் நின்று, நானும் ஒருமுறை விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் அறைதான் கிடைக்கும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

ஸ்க்ரூக்களைப் பழையபடி திருப்பி வைத்தார். அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. ஒருநாள் கியர் சைக்கிளில் மலை சுற்றி வந்த ஒரு வெள்ளைக்காரரை வழிமறித்து, "கியர்... டக் டக்... கியர்..." என்று கையைக் காலை ஆட்டிப் புரியவைத்து வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். அந்த மனிதர் பாவம், அம்மா தந்த காப்பியைக் குடித்துவிட்டு, ஒயர் நுழைகிற இடத்தில் இருந்த சிறு குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். பெரிய பல்லில் சரியானால் சின்ன பல்லில் போயிற்று. சின்னதில் சரியானால் பெரியதில் போயிற்று. கடைசியில் அண்ணாமலையார் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சில நாட்களில் அப்பா போனை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போவார். பெங்களூர் மாமாவோடுதான் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். மல்லாட்டைச் செடிக்குள் நின்றாலே கேட்கும் அளவுக்குக் கத்துவார். "நீயே வந்து அந்தப் பையன் மூஞ்சியப் பாத்து சொல்லுய்யா" என்று ஒருநாள் கத்தினார். பிறகு குரல் இறங்கிப்போகும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராக சைக்கிளிடம் வந்து உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். அந்த நாட்களில் இன்னும் நெடுநேரம் உட்காருவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். போனில் இவ்வளவு சண்டை போட்ட பிறகும் அவருக்கு அந்த சைக்கிள்தானா என்று.

பெங்களூர் மாமா ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மகனோடு பேசுவார். அத்தையின் போனை அவன் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கிணற்றுக்கும் நடப்பான். மாமா அந்தப் பக்கம் என்ன கேட்பாரோ, இவன் சைக்கிளைப் பற்றித்தான் சொல்வான். "இல்லப்பா, இன்னும் சரியாவல. மேடு ஏற மாட்டேங்குது." பிறகு, "சரிப்பா. சரி பண்ணிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுவான். கொஞ்ச வாரம் கழித்து, எத்தனை முறை அடித்தாலும் அந்தப் பக்கம் போன் போகவில்லை. அவன் அடித்துப் பார்ப்பான். அத்தை வாங்கி வைத்துவிடுவாள். அவள் அப்போது ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதிச் சமையலறையில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் வந்ததும் காலை நீட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் சைக்கிளின் பின்சக்கரம் பஞ்சர். அப்பாவும் அத்தை மகனும் வழக்கம்போல நீலச் சைக்கிளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு நேரே கொஞ்சம் தள்ளி, என் டியூபை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டு நான். என்னை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கோபத்தில் அவர்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தச் சைக்கிளின் பின்பக்கம் நேராகத் தெரிந்தது. சக்கரம் நேராக நின்றது. பல்லடுக்கு நேராக நின்றது. அதற்குக் கீழே தொங்கிய அந்த இரும்புக் கை மட்டும் நேராக இல்லை. அடிப்பக்கம் சக்கரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. இதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கவே முடியாது. இத்தனை நாளும் அவர்கள் இருவரும் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, அது கோணலா தொங்குது" என்றேன்.

"போடா. உன் வேலையப் பாரு."

"இங்க வந்து பாருப்பா. இங்கேருந்து பாத்தா தெரியுது."

என் பக்கம் வர அவருக்கு மனமில்லை. அத்தை மகன்தான் எழுந்து வந்தான். எனக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "ஆமா மாமா!" என்று கத்தினான். அவன் சொன்ன பிறகுதான் அப்பா வந்தார். நான் சொன்னபோது வரவில்லை என்பதை நான் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

மூன்று பேரும் வரிசையாகக் குந்திப் பார்த்தோம். அந்தக் கையைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற சின்னத் தகடு வளைந்திருந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கை கோணலாகத் தொங்கினால் செயின் கோணலாக ஏறும். ஒரு பல்லுக்குச் சரி செய்தால் அடுத்த பல்லுக்குத் தவறும். எண்ணெயும் ஒயரும் ஸ்க்ரூவும் என்ன செய்யும்? "பீரோ" என்றார் அப்பா மெதுவாக. பீரோவுக்கு அடியில் வலப்பக்கமாகப் படுத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வந்தபோது அழுந்தியிருக்கிறது.

தகடு உடைந்தால் சைக்கிள் போச்சு என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து ஸ்பேனர் எடுத்துவந்து, துணி சுற்றிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இம்மி இம்மியாக வெளிப்பக்கம் வளைத்தார். அவருக்கு அந்தக் கோணத்தில் எதுவும் தெரியாது. நான்தான் பின்னால் குந்தியிருந்து சொல்ல வேண்டும்.

"இன்னும்பா... இன்னும் கொஞ்சம்... கம்மியா, கம்மியா... போதும்!"

நான் போதும் என்றபோது அவர் நிறுத்தினார். அப்பா என் சொல்லுக்கு நிற்பது எனக்குப் புதிதாக இருந்தது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை மகன் சைக்கிளில் ஏறிவிட்டான்.

அவன் அடி அண்ணாமலைக் கோயில் வரை போய்த் திரும்பினான். ஒன்றிலிருந்து ஏழு வரை ஒவ்வொரு கியரும் சொடுக்குப் போட்டதுபோல விழுந்தது. துள்ளல் இல்லை, சத்தம் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக அவன் பல் தெரியச் சிரித்தான். அப்பா அவன் தலையைப் பிடித்து ஆட்டி, "இப்ப சந்தோஷமா கண்ணு?" என்றார். என்னைப் பார்த்து, "கையக் கழுவிக்கிட்டு வாடா, சாப்பிடலாம்" என்றார். கண்டுபிடித்தவன் நான். சந்தோஷமா என்ற கேள்வி அவனுக்கு.

அன்று சாயங்காலம் அவன் தானாகவே என்னிடம் வந்தான். "நாளைக்கு நீ ஓட்டு" என்றான். பிறகு, "செங்கம் ரோட்டுல மேடு ஜாஸ்தியா?" என்று கேட்டான். அப்பாவோடு இரண்டு தடவை செங்கம் சந்தைக்குப் போனவன் என்ற முறையில் நான் விவரமாகவே சொன்னேன். எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே நிழல் இருக்கும் எல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். நாளைக்கு ஓட்டப்போகிறவன் நான், அவன் ஏன் வழி விசாரிக்கிறான் என்று நான் கேட்கவில்லை. மனம் முழுக்க நாளைக்கு என்ற ஒரு வார்த்தைதான்.

மறுநாள் ஏதோ விடுமுறை. விழித்ததும் வாசலுக்கு ஓடினேன். சைக்கிள் இல்லை. அவனும் இல்லை. சரி, கோயில் வரை போயிருப்பான் என்று காத்திருந்தேன். வெயில் ஏறிற்று. தருகிறேன் என்று சொல்லிவிட்டு, எனக்குத் தரவேண்டுமே என்று விடியும் முன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று புரிந்துகொண்டேன். அம்மாவிடம் போய் அப்படியே புகார் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அத்தைக்கு விடுதிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் வேலைக்குக் கட்டியிருந்த ஏப்ரனோடேயே ஆட்டோவில் வந்து இறங்கி, "எங்க போனான்னு யாருனா பாத்தீங்களா?" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கேட்டாள். ஒருவரும் பார்க்கவில்லை என்றபோது, அப்படியே தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா கிரிவலப் பாதையில் ஒரு சுற்று முழுக்கப் பைக்கில் தேடிவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "நேத்து செங்கம் ரோட்டப் பத்திக் கேட்டான்பா."

"இன்னாடா கேட்டான்?"

"மேடு இருக்குமான்னு."

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். செங்கம் ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் ஊத்தங்கரை, அதற்கப்புறம் கிருஷ்ணகிரி, அதற்கப்புறம் பெங்களூர். எனக்கு செங்கம்வரைதான் தெரியும். "ஏறுடா" என்றார் அப்பா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முதுகுக்குப் பின்னால், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். லாரிகளைத் தாண்டித் தாண்டி அவர் ஓட்டியதில் காது அடைத்தது. அவர் பயத்தில் ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்காக வேகமாக ஓட்டுவதுபோல் எனக்கு ஜாலியாக இருந்தது. ஒவ்வொரு டீக்கடையிலும் நிறுத்தி, நீலச் சைக்கிள், இந்த உயரம் என்று கேட்டார். பார்த்தேன் என்று சிலர் முன்னால் கை காட்டினார்கள்.

செங்கத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு புளியமர நிழலில் அவனைக் கண்டோம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நிறுத்தியிருந்தான். பக்கத்தில் பள்ளிக்கூடப் பை. உள்ளே ஒரு சட்டை, தண்ணீர் பாட்டில். சைக்கிளுக்கு ஒன்றுமில்லை. அவன் கால்கள்தான் ஓய்ந்துபோயிருந்தன. எங்களைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

இப்போது அறை விழும் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். இந்த வேலையில் கால்வாசி நான் செய்திருந்தால் பெல்ட் கழன்றிருக்கும். அப்பா அவன் எதிரில் குந்தினார்.

"எங்க கண்ணு கிளம்பின?"

"அப்பாகிட்ட" என்றான் அவன். "போன் போவல மாமா. கியர் சரியாயிடுச்சின்னு சொல்லணும்ல."

அவன் மறுபடி சொன்னான். "மேடெல்லாம் நல்லா ஏறுது மாமா. ஒருவாட்டிகூடக் குதிக்கல. அப்பா பாத்தா நம்பவே மாட்டாரு."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் டீயும் பன்னும் வாங்கிவந்து அவனுக்குக் கொடுத்தார். அறை இல்லை, திட்டு இல்லை. ஊரை விட்டு ஓடியவனுக்கு டீயும் பன்னும். கூடவே வந்த எனக்கு, நான் கேட்ட பிறகு ஒரு பன்.

"அவனால இனிமே மிதிக்க முடியாது" என்றார் என்னிடம். "நீ சைக்கிள எடுத்துக்கினு வா. நான் முன்னால மெதுவா போறேன்."

இப்படியாக, அந்த நீலச் சைக்கிள் என் கைக்கு வந்தது. எத்தனை நாள் கனவு. கட்டைவிரலால் விசையைத் தள்ளினேன், கியர் விழுந்தது. மேட்டில் இரண்டு, சமதரையில் ஐந்து, இறக்கத்தில் ஏழு. சைக்கிள் நான் நினைத்ததைவிட லேசாக ஓடியது. இரண்டு பக்கமும் வயல். தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்தது. உலகத்திலேயே நான்தான் பெரிய ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு முன்னால் பைக் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்சீட்டில், நான் வரும்போது உட்கார்ந்திருந்த இடத்தில், அவன். இரண்டு கையாலும் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அவர் முதுகில் வைத்துக் கண்ணை மூடியிருந்தான். அப்பா ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, அவன் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டே ஓட்டினார். ஒற்றைக் கையால் ஓட்டினால் என்னைத் திட்டுகிறவர் அவர்.

அவர்களைப் பிடித்துவிட வேண்டும் என்று ஏழாவது கியரில் போட்டு, முழு பலத்தோடு மிதித்தேன். இருபத்தொரு கியர் இருந்தும் அவர்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்த தூரம் குறையவில்லை.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அத்தை அவனைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனார், இந்தத் தடவை போன் இல்லாமல். சைக்கிளை யாரும் கவனிக்கவில்லை. நானே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்தேன். என் தொடை இரண்டும் நடுங்கின.

அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து என் கால்களில் ஊற்றினாள். இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் இந்த மாதிரி செங்கம் வரைக்கும் போயிருந்தா, அப்பா என்னைச் சும்மா விட்டிருப்பாரா?"

அம்மா ஊற்றுவதை நிறுத்தினாள். என் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். "நீ எதுக்குடா அவ்ளோ தூரம் போவப்போற?" என்றாள். சொல்லும்போது அவள் குரல் எப்படியோ ஆயிற்று.

என் கால்கள்மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை இவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். காலை உதறி இழுத்துக்கொண்டு, வரும்போது அவ்வளவு தூரமும் நான்தான் மிதித்துக்கொண்டு வந்தேன், அவன் இல்லை என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். உள்ளே யாரும் எதுவும் சொல்லவில்லை. அதையும் நான் எனக்கெதிராகவே கணக்கில் எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.